உடலின் வரவு செலவும் நரம்பு மண்டலமும்

ஒரு சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யப் புகும் எவரும் முதலிற் கேட்பது கையிருப்பு ரொக்கம் எவ்வளவு என்பதையே. சங்கத்தின் சொத்து இலட்சக் கணக்கில் இருக்கலாம். நூல் சிட்டங்களாகவும், விற்காத சேலைகளாகவும், அங்கத்தினர்களுக்குக் கொடுத்த கடனாகவும், பாங்கியில் போட்ட வைப்பாகவும் அது பரவிக் கிடக்கும். ஆனால் காரியதரிசியின் பெட்டியில் இருக்கக்கூடிய ரொக்கத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டதைக் காலதாமதமின்றிப் பாங்கியில் கட்டிவிட வேண்டும். பெட்டி அறவே காலியாகிவிட்டாலோ, கூலிக்கு வந்து நிற்கும் நெசவாளிக்குப் பதில் சொல்ல இயலாது. மிகுந்தாலும் குற்றம், குறைந்தாலும் சங்கடம்.

நம் உடலும் ஏறத்தாழ இதே விதியின்படிதான் நடந்து வருகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதிற் கரைந்துள்ள சர்க்கரையைக் கணக்கிட்டால் நாலரைக் கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவுதான் தேறும். இரவு உணவுக்குப்பின் ஒன்றும் உண்ணாமல் காலையிற் சோதித்தால், நோயற்றவரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். இந்த எல்லைக்குள் அது நிற்பது எளிய காரியமன்று. மூளை ஒன்றுக்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை வேண்டும். மணிக்கு 5 கிராம். இரத்தத்திலுள்ள கையிருப்பை மட்டும் நம்பியிருந்தால் ஒரு மணி நேரத்திற்குள் பெட்டி காலியாகிவிடும்.

அவ்வாறு ஆவதில்லை என்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இரவு எட்டு மணிக்கு உண்டவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு எழுந்து தெருவில் பாவு ஓட்டுகிறார். பொங்கலன்று வயிறு நிரம்பச் சர்க்கரைப் பொங்கல் உண்டவர், இரண்டு மூன்று மணி நேரத்துக்கெல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார். உணவைச் சிதைத்துச் சக்தியாக்குவது, மிஞ்சியதைச் சேமிப்பது, தேய்ந்த தசையைப் புதுப்பிப்பது ஆகிய இவ்வேலைகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்று உடலியல் நூல்கள் கூறும். இரத்தத்தில் கலக்கும் சுரப்பு நீர்களே இதை நடத்துகின்றன என்பது பலரும் கேள்விப்பட்ட செய்தி. இன்சுலின் என்னும் சொல் எட்டாத கிராமம் இன்று அரிது. ஆனால் அச்சுரப்பிகளுக்கு மேலிருந்து, எப்போது திற, எப்போது மூடு என்று உத்தரவிடும் நரம்பு மண்டலத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப்பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். இதில் அறிவுக்கு விருந்தாகும் செய்திகள் பல உண்டு. அதோடு, நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் அங்கத்தினர்களின் உயிரைக் காக்கக்கூடிய ஒரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். ஆகவே இது அடுத்த வீட்டுச் செய்தியன்று.

திராட்சைக் குடியானவரின் மகன்

இத்துறையில் முதல் வெளிச்சத்தைக் கொடுத்தவர் கிளாடு பெர்னார்டு என்னும் பிரெஞ்சுக்காரர். 1813ஆம் ஆண்டில், லியோன் நகருக்கு வடக்கேயுள்ள சேன் ழூலியான் என்னும் சிற்றூரில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாக வேலை பார்த்தார். நாடகம் எழுதிப் புகழ்பெறலாம் என்று கைப்பிரதியோடு பாரிசுக்குப் போனார். அதைப் படித்த விமரிசகர் ஒருவர், பிழைப்புக்கு வைத்தியம் படிக்குமாறு புத்தி சொல்லி அனுப்பினார். அந்த விமரிசகருக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. பெர்னார்டு பெரும் பேராசிரியரான பிறகும் திராட்சை அறுவடைக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவாராம்.

அக்காலத்து அறிஞர்கள் ஒரு கொள்கை வைத்திருந்தனர். சர்க்கரையை ஆக்க வல்லவை தாவரங்களே. பிராணிகள் அதைத் தின்று அழிக்க மட்டுமே வல்லவை என்பது அது. பெர்னார்டு ஒரு நாய்க்கு இறைச்சியைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல் வைத்திருந்து, அதன் ஈரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தைச் சோதித்தார். அதில் சர்க்கரை இருந்தது! உணவில் இல்லாத சர்க்கரை ஈரலிலிருந்து வருகிறதென்றால், ஈரலே அதை ஆக்கி அனுப்புகிறது என்பதுதானே பொருள்? 1848ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். பின்னர் 1855இல், ஈரலைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசிச் சர்க்கரை துளியும் இல்லாமற் செய்து வைத்துவிட்டு, மறுநாள் பார்த்தபோது அதில் மீண்டும் சர்க்கரை ஊறியிருக்கக் கண்டார். ஈரலுக்குள் மாவு போன்ற ஒரு பொருள் சேமிக்கப்பட்டிருப்பதையும், அதுவே வேண்டும்போது சர்க்கரையாகக் கரைகிறது என்பதையும் நிலைநாட்டி, 1857இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தும் காட்டினார். கிளைக்கோஜன் என்று அதற்குப் பெயர்.

நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து அன்றாடத்துக்கு வேண்டியதை மட்டும் அளந்தெடுக்கும் வீட்டுக்காரியைப் போல் ஈரல் நடந்துகொள்கிறது. அதன் பத்தாயம் சுமார் 100 கிராம் கொள்ளும். தசைகளிலும் ஏறக்குறைய 400 கிராம் இருப்பு உண்டு. ஆனால் அது விதைநெல்லைப் போன்றது. அந்தந்தத் தசையின் உழைப்புக்கே அது செலவாகுமேயன்றி, வெளியே எடுத்து மற்ற உறுப்புகளுக்கு வழங்க முடியாது. இவற்றுக்கும் அப்பால் கொழுப்பு என்னும் நீண்ட கால வைப்பு இருக்கிறது.

பத்தாயத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? பெர்னார்டு 1849ஆம் ஆண்டில் செய்த சோதனை இக்கேள்விக்குப் பதில் தந்தது. முயல் ஒன்றின் மூளையின் அடிப்புறத்தில், முதுகுத்தண்டோடு அது சேருமிடத்தில், மெல்லிய ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். ஈரலைத் தொடவில்லை, உணவை மாற்றவில்லை. சிறிது நேரத்திற்கெல்லாம் அம்முயலின் இரத்தத்தில் சர்க்கரை பெருகிச் சிறுநீரிலும் வெளிப்பட்டது. மூளையிற் குத்தினால் ஈரலின் மடை திறக்கிறது! தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெருநரம்பான வேகஸ் வழியாகத்தான் உத்தரவு போகிறது என்று அவர் முதலில் எண்ணினார். அந்நரம்பை அறுத்துவிட்டுக் குத்தினார். அப்போதும் சர்க்கரை வந்தது. முதுகுத்தண்டின் வழியை அறுத்தபோதுதான் நின்றது. தாம் எதிர்பார்த்தது பொய்த்ததையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். இந்தக் குணமே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

உயிருள்ள பிராணிகளை அறுத்து நடத்திய இச்சோதனைகளை அவருடைய மனைவியும் மகள்களுமே வெறுத்து அவரைவிட்டுப் பிரிந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாம் இன்று பெறும் பயனில் அந்த முயல்களின் பங்கும் இருக்கிறது.

வேகமும் நிதானமும்

மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் நரம்புகள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கையை நீட்டு என்றால் நீளும். ஈரலே, சர்க்கரையை விடு என்றால் அது கேளாது. தானே இயங்கும் இந்நரம்புகளில் இரு வகை உண்டு. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். முதுகுத்தண்டின் நடுப்பகுதியிலிருந்து கிளைத்து இதயத்தை விரைவுபடுத்தும், ஜீரணத்தை நிறுத்தும், சேமிப்பைச் செலவுக்குத் திறந்துவிடும். மற்றது துணைப்பரிவு நரம்பு மண்டலம். வேகஸ் நரம்பு இதன் தலையாய கிளை. இது இதயத்தை அமர்த்தும், ஜீரண நீர்களைச் சுரக்கச் செய்யும், வந்த வரவைச் சேமிப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தறியில் வலக்காலும் இடக்காலும் மாறி மாறி மிதித்தால்தான் பாவு திறந்து நாடா ஓடும். இவ்விரு நரம்புகளும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஒன்று முழுவதும் ஓய்ந்து மற்றொன்று மட்டும் இயங்கும் நேரம் என்று ஒன்று இல்லை.

சமையலறையில் கடுகு தாளிக்கும் மணம் வந்தவுடன் வாயில் நீர் ஊறுவதை எல்லோரும் அறிவோம். வாயில் மட்டுமன்று, அதே கணத்தில் இரைப்பையிலும் நீர் ஊறத் தொடங்குகிறது. இதை நாய்களிடம் ஆராய்ந்து விளக்கியவர் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வேகஸ் நரம்பு கணையத்துக்கும் செய்தி அனுப்புகிறது. உணவின் சர்க்கரை இரத்தத்தைச் சென்றடைவதற்கு முன்பே சிறிதளவு இன்சுலின் சுரந்து காத்திருக்கிறது. விருந்தாளி வருமுன் இலை போட்டு வைப்பது போல. ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்க நின்றுகொண்டே இரண்டு இட்டலியை விழுங்குகிறவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு இடங்கொடுப்பதில்லை. பணி நிமித்தம் ஊர் ஊராய் அலையும் எங்கள் இனத்தாரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

பூனையும் பரீட்சையும்

பரிவு நரம்பின் வேலையை விளக்கிய பெருமை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கானன் என்பவரைச் சாரும். எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, மாணவராயிருந்த அவர், பூனைக்கு உணவோடு மருந்துப் பொடி கலந்து கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை அக்கதிரின் உதவியாற் பார்க்கத் தொடங்கினார். பூனை அமைதியாக இருக்கும்வரை இரைப்பை அலையலையாக அசைந்தது. பூனைக்குக் கோபமோ கலக்கமோ வந்தவுடன் அசைவு சட்டென்று நின்றது. அமைதி திரும்பியபின் மீண்டும் தொடங்கியது. பிற்பாடு 1911ஆம் ஆண்டில், அச்சுறுத்தப்பட்ட பூனையின் சிறுநீரிற் சர்க்கரை வெளிப்படுவதையும் அவரும் அவருடைய உதவியாளர்களும் கண்டனர்.

பூனையோடு அவர் நிற்கவில்லை. வைத்தியக் கல்லூரி மாணவர்கள் 9 பேரைக் கடினமான ஒரு பரீட்சை முடிந்தவுடன் சோதித்தபோது, 4 பேருடைய சிறுநீரிற் சர்க்கரை இருந்தது. எளிய பரீட்சைக்குப்பின் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. 1913ஆம் ஆண்டின் முக்கியமான கால்பந்துப் போட்டி முடிந்தவுடன் ஹார்வர்டு குழுவினர் 25 பேரைச் சோதித்ததில் 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. வியப்பு என்னவென்றால், அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் காலே வைக்காதவர்கள். தேவைப்பட்டால் இறங்க வேண்டியவர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓடாமலேயே ஓடுவதற்கான சர்க்கரை அவர்களுடைய இரத்தத்தில் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. நிர்வாகக் கமிட்டித் தேர்தல் நாளன்று நம் சங்கங்களில் எத்தனை பேரிடம் இப்படிக் காணக்கூடும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். தணிக்கை நாளன்று காரியதரிசிகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இச்சர்க்கரை வரும் வழி இதுதான். இரு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் வைத்தாற்போல் அட்ரினல் என்னும் சுரப்பி ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கிறது. சில கிராம் எடைதான். அதன் உட்பகுதி நரம்புத் திசுவிலிருந்தே உருவானது. முதுகுத்தண்டிலிருந்து பரிவு நரம்பு நேரே அதனுட் சென்று முடிகிறது. அபாயம் என்று மூளை கருதியவுடன் அந்நரம்பின் வழியே செய்தி இறங்க, சில விநாடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. அது ஈரலை எட்டியதும் கிளைக்கோஜன் சர்க்கரையாகக் கரைகிறது. கணையத்தில் இன்சுலின் மட்டுப்பட்டு, அதற்கு எதிரான குளுக்ககான் என்னும் நீர் மிகுகிறது. கொழுப்பும் கரையத் தொடங்குகிறது. பெர்னார்டின் முயலிடம் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் ஊசிக்குத்துப் பலிப்பதில்லை என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிய வந்தது.

பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது உதவும். ஓடியவனின் தசை அச்சர்க்கரையை எரித்துவிடும். கடன் தவணையை எண்ணி இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கோ ஓட்டமும் இல்லை, எரிப்பும் இல்லை. நீரிழிவுள்ளவர் மனக்கவலைக்கு ஆளாகும்போது, உணவில் மாற்றம் ஏதும் இல்லாமலே சர்க்கரை ஏறிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

உத்தரவுகளெல்லாம் பிறக்கும் தலைமை அலுவலகம் மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைபோதலாமஸ் என்னும் பகுதி. வாதுமைப் பருப்பளவு, எடை 4 கிராம் போல இருக்கும். பசி, தாகம், உடல் உஷ்ணம், உறக்கத்தின் நேரம் முதலிய அனைத்தும் இதன் மேற்பார்வையில் நடப்பன. குளிரில் நம்மை நடுங்க வைத்துத் தசைகளைச் சூடாக்குவது இதுதான். தைராய்டு சுரப்பியை முடுக்குவதும் தளர்த்துவதும் கடைசியில் இதன் கையில்தான். கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று கொழுப்புத் திசுவே லெப்டின் என்னும் பொருள் மூலம் இதற்கு அறிக்கை அனுப்புகிறது. 1994ஆம் ஆண்டில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

உறக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். சிகாகோ பல்கலைக் கழகத்தில் நோயற்ற 11 இளைஞர்களை அடுத்தடுத்து 6 இரவுகள் நாலு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்து சோதித்தனர். உணவிலிருந்து வந்த சர்க்கரையைக் கையாளும் திறன் அந்த ஆறு நாட்களிலேயே குறைந்துவிட்டது. பரிவு நரம்பின் இயக்கமும் மிகுந்திருந்தது. இம்முடிவு 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் விளக்கு வைத்துக்கொண்டு நெய்யும் நம் குடும்பங்களையும், முறைத் தண்ணீருக்காக இரவெல்லாம் மடையிற் காத்திருக்கும் விவசாயிகளையும் இது தொடுகிறது. நீரிழிவுள்ளவர் அம்மாதங்களில் ஒரு முறை கூடுதலாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

அபாய மணி

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இரத்தச் சர்க்கரை தாழத் தொடங்கும்போது உடல் படிப்படியாகத் தற்காப்பைத் தொடங்குகிறது. 80ஐ அண்மிக்கும்போதே இன்சுலின் சுரப்பு மட்டுப்படுகிறது. 65க்கும் 70க்கும் இடையில் இறங்கினால் குளுக்ககானும் அட்ரினலினும் வெளிப்படுகின்றன. 55 வாக்கில் நாமே உணரக்கூடிய அறிகுறிகள் தோன்றுகின்றன. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நெற்றியிலும் கழுத்திலும் குளிர்ந்த வியர்வை அரும்பும், பசி காந்தும், காரணமின்றி எரிச்சல் வரும். இவையெல்லாம் பரிவு நரம்பு அடிக்கும் அபாய மணி. 50க்கும் கீழே போனால் மூளைக்கே உணவு போதாமல் பேச்சுக் குழறும், கண் மங்கும், சொன்னது விளங்காது. முடிவில் நினைவு தப்பும், வலிப்பும் வரலாம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு இருபது பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆனால் நாளைக்கென்று அது சேமித்து வைப்பது மிகச் சொற்பம். ஆகவேதான் இவ்வளவு காவல். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், 1922 வாக்கில், அதன் வலிமையை அளந்த முறையே இந்த அபாயத்தைக் காட்டும்: முயலுக்குச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரச் செய்யும் அளவையே அளவுகோலாகக் கொண்டிருந்தார்கள்.

நோயற்றவருக்குத் தற்காப்பு முதற்படியிலேயே வென்றுவிடும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவருக்கும், கணையத்தைத் தூண்டும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்பவருக்கும் அப்படியன்று. சர்க்கரை தாழ்ந்தாலும் உட்சென்ற மருந்து தன் வேலையை நிறுத்துவதில்லை. மெட்பார்மின் மாத்திரையை மட்டும் உண்பவருக்கு இத்தொல்லை அரிதாகவே வரும்.

ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் நான் கண்டதைக் கூறுகிறேன். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம், குறைந்தபட்ச வருகை சேராமல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிற்று. போனஸ் விஷயமாகப் பேச எழுந்த முதியவர் ஒருவர் திடீரென்று சொன்னதையே சொன்னார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அருகிலிருந்தவர் கையைப் பிடித்தபோது கோபத்தோடு உதறினார். “காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார்” என்று பின்வரிசையிற் சிரித்தார்கள். கூலி வாங்குவதற்காக வாசலில் நின்றிருந்த ஓர் அம்மாள், அவருடைய தம்பி மனைவி, உள்ளே ஓடி வந்தார். “அவர் சொட்டுக்கூடத் தொடமாட்டாருங்க. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கிட்டு, சாப்பிடாம கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு வந்துட்டாருங்க” என்றார். அடுத்த கடையிலிருந்து சர்க்கரை வாங்கித் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவர் தெளிவடைந்து, தாம் என்ன பேசினோம் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அன்று அந்த அம்மாள் வாசலில் இல்லாதிருந்தால் அவரை வெளியே கொண்டுபோய் ஒரு திண்ணையிற் படுக்க வைத்திருப்பார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டிருப்பார்கள்.

இந்த அறிகுறிகள் வரும்போது, மருந்து உண்பவர் செய்ய வேண்டியது ஒன்றே. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரிற் கரைத்து உடனே குடிக்க வேண்டும். வெல்லக் கரைசலும் பழச்சாறும் உதவும். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்தபின் சாப்பாடு அவசியம். ஏனெனில் குடித்த சர்க்கரை சீக்கிரம் செலவாகிவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; மூச்சுக் குழலில் இறங்கி உயிருக்கே உலையாகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாத்திரையினால் வந்த மயக்கம் ஒரு முறை தெளிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும். ஆகவே தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பக்கூடாது. பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடுவதும் தவறு. நடந்ததை வைத்தியரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். கள்ளோ சாராயமோ வெறும் வயிற்றில் உட்சென்றால், ஈரல் புதிதாகச் சர்க்கரை ஆக்கும் வேலை தடைப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தறிக்குழியில் உட்கார்ந்தவர், இந்த முழத்தை முடித்துவிட்டு எழலாம் என்று பசியைத் தள்ளுவது வழக்கம். கரும்பு வெட்டுகிறவர் வெயிலில் வரும் வியர்வையையும், சர்க்கரை தாழ்ந்து வரும் வியர்வையையும் வேறு பிரித்தறிவது கடினம். வெயிலின் வியர்வையோடு சாதாரணமாகக் கை நடுக்கமும் காந்தும் பசியும் சேர்ந்து வருவதில்லை என்பதை அடையாளமாகக் கொள்ளலாம். ஐயம் வந்தால் சர்க்கரையைக் குடித்துவிடுவதே மேல். ஒரு தரம் வீணாகக் குடித்ததால் பெருங்கேடு இல்லை.

இதனினும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த அபாய மணி தானே ஊமையாகிவிடக் கூடும். பல ஆண்டுகள் கட்டுக்கடங்காத நீரிழிவு, உள்ளுறுப்புகளின் நரம்புகளையே தேய்த்துவிடுகிறது. வேறு வழியிலும் மணி மழுங்கும்: அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து போகிறவருக்கு மூளை அத்தாழ்வுக்குப் பழகிவிடுவதால், அட்ரினலின் முன்போற் பொங்குவதில்லை. நடுக்கமும் படபடப்பும் இல்லாமல் நேரே மயக்கத்துக்குப் போய்விடுவார். “எனக்கு இப்போதெல்லாம் அந்த நடுக்கம் வருவதில்லை, உடம்பு தேறிவிட்டது” என்று மகிழ்கிறவரைச் சந்தித்தால் அவரை வைத்தியரிடம் அனுப்புங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவும், புரோப்பிரனலால், அட்டினலால் போன்றவை, நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும்; வியர்வை மட்டும் மறையாது. இரவில் உறங்குகிறவருக்கும் மணி மந்தமாகவே ஒலிக்கும். காலையில் தலையணை நனைந்திருப்பது, தலைவலியோடு எழுவது, கெட்ட கனவு என்பவற்றை வீட்டார் கவனித்துச் சொல்ல வேண்டும்.

பழகிப்போனதால் மழுங்கிய மணியை மீட்க முடியும் என்பது 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. வைத்தியரின் யோசனைப்படி மருந்தைத் திருத்திக்கொண்டு, சில வாரங்கள் சர்க்கரை தாழவே விடாமல் காத்துவந்தவர்களுக்கு, வியர்வையும் நடுக்கமும் உரிய நேரத்தில் பெருமளவு திரும்பி வந்தன. நரம்பே தேய்ந்துவிட்டவர்களுக்கு அது முழுதும் திரும்புவதில்லை. அத்தகையவர்கள் உடல் அறிவிக்கும் என்று காத்திராமல், தறியில் அமருமுன்னும், கிணற்று மேட்டுக்குப் போகுமுன்னும், மோட்டார் சைக்கிளை எடுக்குமுன்னும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்துக்கொண்டு, சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை மடியில் முடிந்துகொண்டு கிளம்புவதே செய்யத்தக்கது.